காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு

இன்று காலை ஆசிரியர் கூட்டத்தில் நீ பேசினாய். முதல்வர் எழுந்து நின்று, இனிமேல் சனிக்கிழமை ஆன்லைன் வகுப்புகள் கல்லூரி வாங்கியிருக்கும் செயலியில் மட்டும்தான், வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் கலைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் கைப்பைக்குள்ளிருந்து உன் குரல். "எல்லாரும் சாப்ட்டீங்களா? சாப்டாதவங்க சாப்ட்டுட்டு வந்து கேளுங்க. பாடம் எங்கயும் ஓடிப் போவாது."

நம் மாணவி சந்தியா உன் பழைய ஆடியோ ஒன்றைத் தேடி எடுத்து வகுப்புக் குழுவில் மறுபடி போட்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது அதைக் கேட்கலாமென்று திறந்தேன், மனம் வரவில்லை, அப்படியே பையில் போட்டுவிட்டேன். சாவிக்கொத்து இடித்ததோ என்னவோ, தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பதற்றத்தில் போன் கைக்கு அகப்படவே இல்லை. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாய். ஒருவரும் சிரிக்கவில்லை. நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கொரோனாவோடு வந்த ஆன்லைன் வகுப்பு, கொரோனா போன பிறகும் சனிக்கிழமைகளில் தங்கிவிட்டது அல்லவா? ஒன்பது மணிக்குக் கல்லூரியில் உட்கார்ந்து கேமராவைப் போட்டுக்கொண்டு நீயும் நானும் மாறி மாறி "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவோம். பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். சோம்பேறிகள் என்று நான் திட்டினேன். நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போய்விட்டாய். அப்போது முதலாமாண்டில் இருந்த சந்தியா, வகுப்பு நேரத்தில் மரக்காணம் உப்பளத்தில் அம்மாவோடு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அனுமந்தை மீனவர் குப்பத்து அருளின் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவன் அப்பாவோடு கடற்கரையில் இருந்தது. திரும்பி வந்து சொன்னாய்: "அவங்க எப்ப வருவாங்களோ அப்ப வரட்டும்டி. வகுப்பு போன்லயே உக்காந்து காத்துக்கிட்டு இருக்கும்."

அப்படித்தான் நம் குரல் வகுப்பு ஆரம்பித்தது. ஆடியோவில் நீ ஒரு கேள்வியோடு பாடம் சொல்வாய். அவர்கள் நேரம் கிடைக்கும்போது கேட்டு, குரலிலேயே பதில் அனுப்புவார்கள், ஒருத்தர் பதிலை இன்னொருத்தர் மறுப்பார். பதில் வந்தால் வருகை உண்டு. உப்புத் தண்ணீர் படாமல் இருக்க சந்தியா போனை பாலித்தீன் கவருக்குள் வைத்துப் பேசுவாள். அவள் பதிலில் எப்போதும் கவர் கசங்கும் சத்தம் இருக்கும்.

உன் வீட்டில் சிக்னல் கிடையாது. அதனால் உப்பளத்து ரோட்டோரம் நின்று பேசுவாய். காற்று பிய்த்துக்கொண்டு போகும். "காத்த முதுகுல வாங்கிக்கணும், போன நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கணும்" என்று பிள்ளைகளும் கேட்கக் குழுவிலேயே எனக்குப் பாடம் எடுப்பாய். ஆடியோவில் நான் ஒரு நாளும் பேசவில்லை. என் குரலை நானே கேட்க எனக்குக் கூச்சம். பக்கம் பக்கமாக டைப் அடித்துப் போடுவேன். "உன் பாடத்தப் புரிஞ்சுக்க அதுங்களுக்கு இன்னொரு டீச்சர் வேணும்டி" என்பாய்.

அந்த வஞ்சிரம் ஆடியோ நினைவிருக்கிறதா? அருளின் அப்பா போனில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று மீன் ஏலக் குழு, இன்னொன்று நம் வகுப்பு. பையன் பொருளியல் பாடத்துக்கு, தேவை, அளிப்பு பற்றிச் சொன்ன பதில் மீன்காரர்களுக்குப் போய்விட்டது. அப்பாவின் குரல் நமக்கு வந்துவிட்டது. "ஏம்பா, வஞ்சிரம் எல்லா போட்லயும் ஏறிடுச்சு. பாண்டி வண்டி வந்தா குடு, இல்லன்னா ஐஸ்ல போட்டு வை!" பிள்ளைகள் சிரித்துத் தள்ளினார்கள். நான் அதை அழிக்கப் போனேன். உடனே எனக்குப் போன் போட்டு, "கை வச்ச, கொன்னுடுவேன்" என்றாய். பிறகு குழுவில் கேட்டாய்: "அருள் அப்பா ஏன் விக்காம ஐஸ்ல போடச் சொல்றாரு? நாளைக்குள்ள சொல்லுங்க."

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத சந்தியா முதல் ஆளாக வந்தாள். "உப்புன்னா குமிச்சு ஓலை போட்டு மூடி வெல வர்ற வரைக்கும் வைப்போம் மேம். மீன எத்தினி நாளு வைப்பாங்க? ஐஸ் வாங்கற செலவு யாரு குடுப்பாங்க?" அருள் சண்டைக்கு வந்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் அவன் அப்பா பாவம், "மேடம், தப்பா வந்துட்டுது, மன்னிச்சுக்குங்க" என்றார். நீ சொன்னாய்: "தப்பே இல்லண்ணா. நாளைக்கும் அனுப்புங்க." மனுஷன் நிஜமாகவே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் நீ பாடத்தை விடவில்லை. "மேடத்துக்கு மூச்சு வாங்குது, மெதுவா பேசறேன். நீங்க வேகத்த ஏத்தி வச்சுக் கேட்டுக்குங்க" என்றாய். நான் வேகத்தை ஏற்றவே இல்லை. ஒவ்வொரு மூச்சையும் கேட்டேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய் என்ற கோபம் இன்னும் இருக்கிறது.

உன் படத்துக்கு மாலை போட்டு, புதுமையான கற்பித்தல் என்று பாராட்டிப் பேசிய அதே முதல்வர்தான் இன்று கூட்டத்தில், பைக்குள் உன் குரல் நின்றதும் சொன்னார்: "அவங்க நம்பர இன்னுமா குரூப்புல அட்மினா வச்சிருக்கீங்க? மொதல்ல அத எடுங்க மேடம்."

"எடுக்க மாட்டேன் சார்."

சொல்லும்போதே எழுந்துவிட்டிருந்தேன். நான் உட்காரவில்லை. "சந்தியாவுக்கு இது கடைசி வருஷம் சார். ஒம்போது மணிக்கு கேமராவுல முகம் காட்டணும்னா அவ உப்பளத்து வேலைய விடணும். காட்டலன்னா வருகை இல்ல, வருகை இல்லன்னா பரீட்சை இல்ல. கூலிய விடச் சொல்வீங்களா, டிகிரிய விடச் சொல்வீங்களா?"

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒன்னுதான் மேடம்."

"அப்போ எனக்கும் ஒன்னுதான் சார். குரல்ல பதில் சொல்ற பிள்ளைக்கு நான் வருகை போடுவேன்."

"மெமோ வரும்."

"குடுங்க, வாங்கிக்கறேன்."

நான்தான் பேசினேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நீ இருந்திருந்தால் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்து, போதும் உட்காரு என்றிருப்பாய். அல்லது நீயும் எழுந்திருப்பாய்.

மதியமே மெமோ வந்துவிட்டது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதுவேன், ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இருக்காது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் உப்பளத்து ரோட்டில் இறங்கினேன். நீ நிற்கிற இடத்தில் நின்றேன். பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது, வரப்பில் உப்பைக் குவித்திருந்தார்கள். போனை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கை அழுத்தி, நாளைய பாடத்தைப் பேசி அனுப்பினேன்.

முதல் பதில் அருளின் அப்பாவிடமிருந்து வந்தது. "மேடம், ஒன்னுமே கேக்கல. காத்துதான் கேக்குது."

அடுத்தது சந்தியா. பாலித்தீன் கவர் கசங்கியது. "மேம், திரும்பி நில்லுங்க. அந்த மேம் சொல்வாங்கல்ல."

திரும்பி நின்றேன். காற்று முதுகில் அறைந்தது. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.

"எல்லாரும் சாப்ட்டீங்களா?"