குமிழி வராத டம்ளர்

1971 மே 3, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். தங்கை எட்னாவின் கல்யாணத்தன்று தேவாலய வாசலிலேயே சொன்னேன், இந்த டெஸ் ஒருநாள் என் தலையில் மிளகாய் அரைப்பான் என்று. அரைத்துவிட்டான். இன்று புது லேபிள் வந்தது: ‘டிரிக்கெட்டின் குளிர்முறை இஞ்சி சோடா.’ டிரிக்கெட் அவன் குடும்பப் பெயர். குளிர்முறை யாருடையது? என்னுடையது! வெதுவெதுத் தண்ணீரில் வாயு தங்காது. தண்ணீரை நன்றாகக் குளிரவைத்துவிட்டு அழுத்தினால் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். 1949-இல் நான் இதைக் கண்டுபிடித்தபோது குயின்ஸ்லாந்தில், ஏன், இங்கிலாந்திலேயே ஒருவனுக்கும் தெரியாது.

“ஃபேக்டரி என் பேருல இருக்கு மச்சான், லேபிளும் அப்படித்தான் இருக்கும்” என்கிறான்.

மே 4

விடமாட்டேன்.

மே 8, சனி

வழி கிடைத்துவிட்டது. வெள்ளியன்று ஊர்க் கண்காட்சியில் குளிர்பானப் போட்டி. நீல ரிப்பன் கிடைத்தால் ரயில் நிலையக் கடைகள் எல்லாம் தன் சரக்கைத்தான் வாங்கும் என்று டெஸ் பறக்கிறான். போட்டிக்கு டம்ளர் கழுவுவது யார்? நான்!

குமிழி சும்மா பிறக்காது. ஒரு கீறலோ தூசோ நூல்பிசிறோ, அதற்குப் பிடிமானம் வேண்டும். நம் ஊரில் டம்ளரைப் பழைய மாவுப்பைத் துணியால்தான் துடைப்போம். பானம் பொங்குவது அந்தப் பிசிறால். டெஸ்ஸின் டம்ளரை மட்டும் புதிதாக வாங்கி, சலவை சோடாவில் அலசி, துணியே படாமல் கவிழ்த்து உலர்த்தப் போகிறேன். பானம் குட்டைத் தண்ணீர் மாதிரி கிடக்கும். ஊரே பார்க்க அவன் தலைகுனிய வேண்டும்.

மே 14, வெள்ளி

எட்னா பார்த்துவிட்டாள். “என்ன அண்ணா, அந்த ஒரு டம்ளரை மட்டும் கைக்குழந்தை மாதிரி குளிப்பாட்டுறே?”

“எல்லாம் உன் புருஷன் மேல இருக்கிற பாசம்தான்” என்றேன்.

ஊற்றினார்கள். மற்ற ஐந்து டம்ளரும் பொங்கி ஆடின. டெஸ்ஸினுடையது? செத்த மீனின் கண்! ஆட்டு வியாபாரி கிளாரி கத்தினான்: “என்னடா டெஸ், உங்க வீட்டுக் கிணத்துல மொண்டுட்டு வந்தியா?” ஒரே சிரிப்பு. டெஸ்ஸுக்குக் காது சிவந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

அப்புறம் கமிட்டித் தலைவர் எழுந்தார். செம்மறி ஆட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பாவி மனுஷன்! பொங்கிய டம்ளர்களில் வாயு எல்லாம் போய்ச் சேர்ந்தது. நடுவரம்மா குடித்துப் பார்த்தார். ஐந்தும் வெறும் சர்க்கரைத் தண்ணீர். நான் குளிப்பாட்டிய டெஸ்ஸின் டம்ளரில் மட்டும் வாயு வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு வாய்தான் குடித்தார். கண்ணில் நீர். “அடேயப்பா, நாக்கைக் கடிக்குதே!”

நீல ரிப்பன் டெஸ்ஸுக்கு. கழுவிக் கொடுத்தவன் நான். செருப்பாலேயே என்னை அடிச்சுக்கணும் போல இருக்கு.

மே 15

நேற்று முழுவதையும் எழுதவில்லை. ரிப்பனை வாங்கிய டெஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டான். “இது என் மூளை இல்லைங்க. எங்க மச்சான் மெர்வ் ஹாஸ்லாக் நாப்பத்தொம்பதுல கண்டுபிடிச்ச முறை. அவர் பேரைப் போடாம விட்டது என் தப்பு. அடுத்த லேபிள்ல அவர் பேருதான்.” யாரோ என்னைத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். எட்னா அழுதாள்.

சரிதானே? எனக்குச் சேர வேண்டியதுதானே?

மே 22, சனி

‘ஹாஸ்லாக்கின் குளிர்முறை.’ பெரிய எழுத்து, சிவப்பு மை. காலையிலிருந்து நானே ஒட்டினேன். டெஸ் பக்கத்தில் நின்று கோணலைச் சரிசெய்தான்.

ஒரு விஷயம், இந்த டைரியில் மட்டும் சொல்கிறேன். நாற்பத்தொன்பதில் தண்ணீர்த் தொட்டிக்குள் பனிக்கட்டியைக் கொட்டியது நான் இல்லை. டெஸ்தான், தன் பீர் பாட்டில்களைக் குளிரவைக்க. அன்றைக்கு வாயுக் குழாயைத் திறந்தது மட்டும்தான் நான். மற்றதை நான் சேர்த்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவனே மறந்துவிட்டான்.