அவள் வாளை உறையில் போடவில்லை

நேற்று மதியம் என் மகள் தொலைக்காட்சியில் ஒரு பழைய சீன வாள்சண்டைப் படத்தைப் போட்டாள். பனியில் வெள்ளை உடையோடு ஒருத்தி நடந்து வந்ததுமே தெரிந்துவிட்டது தோழி, சின்ன வயதில் உன் வீட்டில் பார்த்த நம் படம். உன் அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த வீடியோ கேசட். அன்று பேச்சு சீனம், கீழே ஓடிய எழுத்து பிரெஞ்சு. நீ படித்துச் சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கதை. இப்போது எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். முதன்முறையாகக் கடைசிவரை பார்த்தேன்.

அவள் வாளை உறையில் போடவில்லையடி. அண்ணனைக் கொன்றவனைப் பாலத்தின் நடுவில் மறித்து, ஊரே கேட்க அவன் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, அப்புறம்தான் வெட்டுகிறாள்.

அன்று நீ சரியாக அந்த இடத்தில் கேசட்டை நிறுத்தினாய். "இதுக்கு மேல டேப்பு தேஞ்சி போச்சிடி. நான் சொல்றேன் கேளு. அவன் கால்ல வுழுந்துடுறான். இவ கத்திய உறையில போட்டுட்டுப் போயிடுறா. அவ்ளோதான்" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எனக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தாய்.

ஏன் செய்தாய் என்று தெரியாதா எனக்கு? அக்கா கிணற்றில் விழுந்து செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கால் தவறி விழுந்தாள் என்று அவள் புருஷன் சொன்னதை ஊர் நம்பியது. அப்பா போலீசுக்குப் போகப் பயந்தார். அவன் தன்னை அடிப்பதையெல்லாம் அக்கா எழுதிய கடிதம் என் பெட்டியில் கிடந்தது. நாம் படம் பார்த்த மறுநாள் கருவடிக்குப்பத்தில் அவனுக்கு இரண்டாவது கல்யாணத்துக்கு நிச்சயம். சபை நடுவில் அதைப் படிக்கப் போகிறேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

"அவனுங்க கூட்டமே ரவுடிங்க. ஒன்ன ஏதாவது பண்ணிட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்?" என்று கேட்டாய். அதற்குப் பிறகுதான் படத்தைப் போட்டாய். நானும் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

போன ஆடியில் நீ செத்துப்போனாய். செத்தவளோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். போடுவேன். எனக்காகப் பயந்தாய், சரி. அவனுக்கு நிச்சயமான அந்தப் பெண்ணுக்காக நம்மில் யார் பயந்தோம்?

இன்று காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா புருஷனுடைய இரண்டாவது மனைவியைப் பார்க்கப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். இடது பக்கம் நின்று பேசினால் அவளுக்குக் காது கேட்காது. "கதவு இடிச்சிக்கிச்சிக்கா" என்று என்றோ மார்க்கெட்டில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அழவில்லை. மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நிச்சயத்துக்கு முன்னாடி இத எனக்கு ஒரு தடவ காமிச்சிருக்கக் கூடாதாக்கா?"

கடிதத்தோடு எழுந்து வந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் நேரே உன் வீட்டுக்கு வந்து கத்தியிருப்பேன். நீயும் பதிலுக்குக் கத்தியிருப்பாய். அவள் கேட்டதை ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருப்போம். இப்போது முழுவதும் என் தலையில்.