அப்பா கொண்டுபோன பாட்டில்

தண்டலம்
14.7.1991

அன்பு மகன் ஜெபகுமாருக்கு அம்மா ஞானம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஷெர்லின் எழுதுகிறாள். நான் சொல்லாததையும் எழுதுவாள், அடைப்புக்குறி போட்டிருந்தால் அது அவளுடைய வாய்க்கொழுப்பு என்று தெரிந்துகொள். (கொழுப்பு டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும்.)

உன் கடிதம் கிடைத்தது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளையை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்க்காதீர்கள், ஆயுசுக்கும் ஊரார் மூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், மெட்ராஸில் ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். அதே லேப் படிப்பைப் படித்துத்தான் நீ விமானம் ஏறினாய். ஏறின ஏணியை எட்டி உதைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்து உதைக்கலாம், ஏர்மெயிலில் உதைப்பதற்கு ஸ்டாம்பு வேறு தண்டம். ஆனால் மகன் எழுதினால் உன் அப்பாவுக்கு அது பைபிளின் அறுபத்தாறோடு சேர்ந்த அறுபத்தேழாவது ஆகமம். பொம்பளப் புள்ளைக்கு நாற்காலி வேலைதான் சரி என்று சொல்லி, ஷெர்லின் நிரப்பி வைத்திருந்த லேப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். கடைசித் தேதி இருபத்திரண்டு. இவள் பைபிளுக்குள் விண்ணப்பத்தை வைத்து, ஜெபிக்கும் நேரமெல்லாம் அவர் கண்ணில் படும்படி விரித்துவைத்தாள், மனுஷன் கண்ணை மூடியே ஜெபித்தார். (நிர்வாகம் கற்றுக்கொள்ள நான் மெட்ராஸ் போவானேன், அம்மா பக்கத்தில் ஒரு வாரம் நின்றால் போதாதா?)

இதற்கு நடுவில்தான் பாட்டில் கதை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் அப்பா வாட்ச்மேனாக இருக்கும் கம்பெனியில் ஒன்பது வருஷம் கழித்து வேலையை நிரந்தரம் ஆக்குகிறேன் என்றார்கள், அதற்கு முன்னால் காலை மூத்திரத்தை பாட்டிலில் கொண்டுவந்து கம்பெனி டாக்டரிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் கால் போனதிலிருந்து இவருக்கு டெஸ்ட் என்றாலே உதறல், உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் முடிவு வந்தது, சர்க்கரை மிக அதிகம், தகுதியில்லை என்று. நான் அன்றைக்கே பாகற்காயை அரைத்துப் பிழிந்து காலையும் மாலையும் ஒரு டம்ளர் நீட்டினேன். முணுமுணுக்காமல் குடித்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் கொடுத்ததைக் குறை சொல்லாமல் குடிக்கிறாரே, பயம் மனுஷனைத் திருத்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இவளுக்கு மட்டும் சந்தேகம். சர்க்கரைக்காரருக்குத் தாகம் எடுக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார், அப்பா ஒரே தூக்கமாகத் தூங்குகிறாரே என்றாள். பள்ளிக்கூட லேபில் ராஜம்மா டீச்சரைக் கெஞ்சி ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் வாங்கி வந்தாள். மூத்திரம் சில சொட்டு விட்டுச் சூடு பண்ணினால் சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகுமாம். அப்பாவை விரட்டி ஒரு ஜாம் பாட்டிலில் வாங்கிவிட்டாள். குழாயைச் சூடு பண்ண வெந்நீர் வைத்தது எதில் என்று கேள், என் பால் குண்டானில். (குழாய்க்கு உள்ளே மூத்திரம், வெளியே வெந்நீர். குண்டானுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு தடவை சொல்லியாயிற்று.) நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டாம் தடவையும் நீலம். உன் அப்பா அந்தக் குழாயைப் பார்த்தார், பாகற்காய்ச் சாற்றைப் பார்த்தார், உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கம்பெனிக்கு அவர் கொண்டுபோனது அவருடையதே இல்லையாம். வயசுப் பையனுடையது சுத்தமாக இருக்கும் என்று, பக்கத்து வீட்டு டெம்போ டிரைவர் டில்லிபாபுவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அவன், "எவ்ளோ ஓணும் மாமா? எனக்குத்தான் பத்து நிமிசத்துக்கு ஒருதபா வருதே, குடமே ரொப்பித் தரேன்" என்று தாராளமாகக் கொடுத்திருக்கிறான். கேட்டதும் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், மூன்று நாள் பாகற்காய்ச் சாறு இவருக்கு வேண்டியதுதான் என்றேன். இவள் சிரிக்கவில்லை. "அப்போ கம்பெனியில செவப்பா ஆனது டில்லி அண்ணனுதாப்பா?" என்றாள். அவனுக்கு ஆவணியில் கல்யாணம். ஆள் பாதியாக இளைத்ததைத் தெருவே மாப்பிள்ளைக் களை என்று கேலி செய்தது, நானும் செய்தேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, வெயிலில் வண்டி ஓட்டுகிற பிள்ளை என்று நானே மோர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அவன் அம்மா பாப்பம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள், பாதியில் கீழே போட்டுவிட்டு அழுதாள். அவன் மட்டும், "இன்னா மாமா, கலாய்க்கிறியா, எனக்காவது சக்கரையாவது" என்று சிரித்தானாம். அப்பா விடாமல் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஹைரோட்டில் வண்டிக்கு வண்டி போலீஸ் சோதனை, போய்ச் சேரவே மத்தியானம். ரத்தத்தில் முந்நூற்று எண்பது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஸ்டியரிங்கிலேயே மயங்கி விழுந்திருப்பான் என்றாராம் டாக்டர். ஊசி ஆரம்பித்தாயிற்று. கல்யாணம் நிற்கவில்லை, வாலாஜாபாத்துப் பெண் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், பாயசம் மாப்பிள்ளைக்கு மட்டும் கிடையாது.

மறுநாள் கம்பெனி டாக்டரிடமும் போய் ஒப்புக்கொண்டார். அவர் திட்டித் தீர்த்து, கதவுக்கு வெளியே ஆளை நிற்கவைத்து மறுபடி வாங்கிப் பார்த்தாராம், சர்க்கரை இல்லை. (வாட்ச்மேனுக்கே வாட்ச்மேன்!) நிரந்தர ஆர்டர் இன்னும் வரவில்லை, ஜெபத்தில் நினைத்துக்கொள். அன்று சாயங்காலம் வந்தவர் காப்பிகூடக் கேட்கவில்லை, பைபிளிலிருந்து விண்ணப்பத்தை அவரே எடுத்தார். "ரிஜிஸ்டர்ல எம்பேரு, நம்பரு எல்லாம் கரீட்டாத்தான் கீது. பாட்டில்ல கீறது யாருதுன்னு எம்பொண்ணுதானே கேட்டா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. இந்தக் கடிதம் உன்னைச் சேர்ந்து, உன் பதில் எங்களைச் சேர்வதற்குள் இருபத்திரண்டு தாண்டிவிடும். ஆகையால் உன் அபிப்பிராயத்தை அவசரமில்லாமல், நிதானமாக யோசித்து எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரும்போது எனக்கு ஒரு புதுப் பால் குண்டான் கொண்டுவா. மஸ்கட் முழுவதற்கும் டெஸ்ட் செய்கிறாயே, பெரியப்பா ரத்தம்தான் உன் உடம்பிலும் ஓடுகிறது, உன்னுடையதை ஒரு நாளாவது பார்த்தாயா? பார்த்து முடிவை எழுது. பாட்டில் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
ஞானம்மா