உதிரும் பாகங்களுடன் விற்பனைக்கு

மார்ச் 4, புதன்

மண்மேட்டில் தாவும்போது விழுந்தேன் என்று வெல்டிங் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். வண்டி ஓடவேயில்லை. வீட்டு வாசலில் சும்மா நின்றது. மண்மேட்டில் ஓட்டும் டர்ட் பைக்குக்கு நெட்டையான ஷாக் அப்சார்பர் போட்டது நான்தான். என் கால் குட்டை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன். கால் தரையைத் தேடியது. தோளுக்குத்தான் கிடைத்தது. தோள்பட்டை எலும்பில் முறிவு.

வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எக்ஸ்ரே வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"இந்த வீட்ல ஒண்ணு அந்தச் சனியன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"யோசிச்சு சொல்றேனே" என்றேன். வேடிக்கைக்குத்தான்! கைக்குத் தூளி நானே கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மார்ச் 5, வியாழன்

விற்கத்தான் வேண்டும். வேறு வழி? இல்லை.

மார்ச் 7, சனி

உதிரி சாமான்களை எடுத்துத் துடைத்தேன். செயின், கிளட்ச் கேபிள், பிரேக் கட்டை, பிரிக்காத டயர். எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. பின்னால் ஒருத்தர் உட்கார சீட்டைக்கூட நானே நீட்டி வெல்டிங் வைத்தேன். அவள் ஒருநாளும் உட்காரவில்லை. துடைத்த துணியிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன். கிரீஸ். ரொம்ப எரிச்சல்.

வண்டி வாங்கி விற்கும் குழுவில் விளம்பரம் போட்டாயிற்று. சொந்தமாக எழுதியது.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து போன் ஓயவில்லை. வாங்கத்தான் ஆளில்லை.

"அண்ணே, ஓடும்போதே உதிருமா, நிறுத்தினப்புறம் உதிருமா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்காரி போனைப் பிடுங்கிப் படித்தாள். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உதிரி பாகங்க! 'உதிரும் பாகங்களுடன்'னு எழுதி வச்சிருக்கீங்க!"

எக்ஸ்ரேக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தாள். நான் திருத்தவில்லை. இன்னொரு தடவை படிக்கட்டுமே.

மார்ச் 15, ஞாயிறு

பழைய வண்டி வியாபாரி வந்தார். செருப்பு நுனியால் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"முழுசா எவனும் வாங்க மாட்டான். பிரிச்சு வித்துக்கறேன். ஓடுறதே சந்தேகம். உதிர்ற வண்டின்னு நீங்களே எழுதிட்டீங்களே."

பிரிப்பதா? ஓட்டிக் காட்டலாம் என்றால் கை தூளியில்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்க வண்டியப் பத்தி என்ன சொன்னீங்க?"

எங்க வண்டி! நேற்றுவரை சனியன்.

என் வீட்டுக்காரி நாள் முழுக்க பார்சல் வண்டி ஓட்டுகிறவள். என்னைவிட ஒரு தலை உயரம். ஒட்டடைக்கொம்பு என்றுதான் கூப்பிடுவேன். என் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டு காலும் தரையில் பாந்தமாக ஊன்றின. ஒரே உதை. தெருக்கோடிவரை போய், காலி மனை மண்மேட்டில் ஏறி — தாவினாள்! நான் பட்டறையில் அளந்துவிட்ட அதே தாவல். திரும்பி வந்தபோது பல்லெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

"சரிம்மா, முழுசாவே எடுத்துக்கறேன்" என்றார் வியாபாரி.

"விக்கறதா யார் சொன்னா?"

"அவர்தாம்மா எழுதியிருக்காரு..."

"அவருக்கு எழுதத் தெரியாதுங்க."

மார்ச் 16, திங்கள்

சாவி அவளுடைய கொத்தில் தொங்குகிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாளா என்ன.

ஏப்ரல் 19, ஞாயிறு

தூளி கழன்றது. வைத்தியர் பின்சீட்டில் உட்காரலாம் என்றார். உட்கார்ந்தேன். என் வெல்டிங் நன்றாகவே தாங்குகிறது. ரயில்வே கேட்டில் நிறுத்தினாள். ஆம்பிளை சும்மா உட்காரலாமா என்று நானும் ஒரு காலை ஊன்றப் போனேன். கேட் திறந்தது, வண்டி கிளம்பியது; என் கால் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. பின்னால் பேச்சே வராததை நிம்மதி என்று நினைத்திருப்பாள்போல. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வண்டியிலிருந்து ஒரு பாகம் உதிர்ந்தது. அடி ஒன்றுமில்லை. நடந்தே வீடு வந்து சேர்ந்தது.