ஈபோ பத்தவைக்கும்போது நான் உட்கார்ந்திருப்பேன்

பிப்ரவரி 11, செவ்வாய்

மார்க்கெட்டில் இன்று மீன் நன்றாக இருந்தது. பொரித்து, மிளகாய் அரைத்து, சோளமாவுக் கென்கேயை இலை உரித்துத் தட்டில் வைத்த பிறகுதான் மகள் எகுவா வாயைத் திறந்தாள். தன் மருந்துக்கடை ஏசிக்கு ஈபோ அமிஸ்ஸாவையே மறுபடி கூப்பிட்டிருக்கிறாளாம்.

பிய்த்த உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். "டக்கோராடியில வேற மெக்கானிக்கே கிடையாதா?"

"கடை நிக்கிறது குடும்பத்து இடம்மா. அவன் குடும்பத் தலைவர் பெரியவரோட அக்கா மகன். அவனை விட்டுட்டு வெளியாளைக் கூப்பிட்டா, நாளைக்கு இடத்தைக் காலி பண்ணுன்னுவாங்க. நீயா வந்து பேசுவ?"

"பேசுவேன்."

"அதுதான் எனக்குப் பயமே."

போன தடவை அவன் போட்ட ஏசி என்ன ஆனது என்று இவள் மறந்திருக்கலாம். எனக்கு எதுவும் மறக்காது. கொஞ்ச நாள் குளிர்ந்தது. அப்புறம் காற்று மட்டும் வந்தது. "கேஸ் குறைஞ்சு போச்சு ஆன்ட்டி" என்று அடைத்துவிட்டுப் போனான். மறுபடி அடைத்தான். கடைசியில் வெளியே இருக்கிற கம்ப்ரஸர் ஒரு முனகு முனகிச் செத்தது. அந்த வாரம் பார்த்து மருந்து ஆய்வாளரம்மா வந்தாள். மருந்து அறைக்குள் அடுப்பங்கரைப் புழுக்கம், காப்ஸ்யூல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கடை முன்கதவுக்குச் சீல்; பழுது பார்க்க மட்டும் பின்கதவை விட்டு வைத்தாள். என் மகள் தெருவில் நின்று அழுததை ஊரே பார்த்தது. யார் யார் சிரித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இருபத்து நாலாம் தேதி அந்த அம்மாள் திரும்ப வருகிறாள். அறை குளிராவிட்டால் உரிமம் போய்விடும். எகுவாவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அதற்கு ஈபோவா?

பிப்ரவரி 12, புதன்

தூக்கம் வரவில்லை. செலோர்ம் ஞாபகம்தான். செத்த ஏசியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அவர். இப்போது எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார், கூப்பிட்டாலும் வர முடியாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குள் இருக்கிறது.

செம்புக் குழாயை ஒட்டுக்குப் பக்கத்தில் வெட்டி, செய்தித்தாள் மேல் தட்டினார். சட்டி அடியில் கருகினது மாதிரி கறுப்புச் செதில் செதிலாகக் கொட்டியது.

"குழாயை ஒட்ட வைக்கும்போது உள்ளே வெறும் காத்து இருந்தா, செம்பு இப்படித்தான் உள்பக்கம் கருகும். உதிர்ந்து போய் மெஷினைக் கொல்லும். நைட்ரஜனை உள்ளே விட்டுக்கிட்டேதான் நெருப்பு வைக்கணும். அதுவும் வேகமா இல்ல ஆன்ட்டி, கஞ்சி ஆற ஊதுவீங்களே, அந்த மாதிரி. வேகமா விட்டா ஒட்டுல ஊசி ஓட்டை விழும்."

ஈபோ அன்று என்ன செய்தான்? ஒன்றும் விடவில்லை. நெருப்பை வைத்தான், பாட்டுப் பாடினான், போனான். என்ன பாட்டு என்றும் சொல்லுவேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வந்தான். கறுப்புக் கண்ணாடி. உயரமாக ஒரு நைட்ரஜன் இரும்பு பாட்டில் வேறு. என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி அராபா, உங்களுக்காகவே தூக்கிட்டு வந்திருக்கேன்" என்றான். சுவரோரம் நிறுத்தி, ரப்பர் குழாயைச் செம்பில் சொருகினான். நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெளி யூனிட் பின்கட்டில், அறை முன்னால். குழாய் எட்டாது, தெருவைப் பார்த்த பக்கச் சந்தில், நடுவில் ஒட்டு வைத்துத்தான் ஆக வேண்டும். அவன் நெருப்பு மூட்டப் போகும்போது கேட்டேன்.

"பாட்டிலைத் திறந்தாச்சா?"

"திறந்துதான் இருக்கு ஆன்ட்டி."

எழுந்தேன். மணிக்கட்டை நாக்கால் ஈரமாக்கி, செம்புக் குழாயின் மறுமுனையில் வைத்தேன். ஈரக் கையில் சின்னக் காற்றுப் பட்டாலும் சில்லென்று தெரியும். ஒன்றுமே இல்லை. பாட்டிலை ஒரு கையால் அசைத்தேன், அதன் தலையில் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"காலி பாட்டிலா கொண்டு வந்த? எனக்கு வேடிக்கை காட்டவா?"

"கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி. நானும் எத்தனை வருஷமா இந்த வேலை..."

"எத்தனை வருஷமா இப்படிக் கெடுத்த?"

எகுவா ஓடி வந்தாள். "மா, விடு மா!" விடுவேனா? நெருப்பு மூட்டுகிற தீப்பொறிக் கருவி கீழே கிடந்தது. எடுத்தேன், இடுப்புத் துணியில் செருகி இறுக்கி முடிந்துகொண்டேன்.

"குடுங்க ஆன்ட்டி."

"வந்து எடுத்துக்கோ."

தெருவில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஈபோ கண்ணாடியைக் கழற்றினான், போட்டான், மறுபடி கழற்றினான். சாமானை எல்லாம் வண்டியில் எறிந்துவிட்டுப் போனான். நேராகத் தாய்மாமன் வீட்டுக்குத்தான் போயிருப்பான்.

பிப்ரவரி 15, சனி

எகுவா என்னிடம் பேசவில்லை. குடும்பத் தலைவர் ஆளனுப்பிவிட்டார். நாளைக்குச் சபை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தேவாலயம் முடிந்து அதே உடுப்போடு பெரியவர் கோபினா ஆர்ஹின் வீட்டு முற்றத்துக்குப் போனோம். பெரியவர்கள் ஒரு பக்கம், ஈபோ ஒரு பக்கம், தலையைத் தொங்கப்போட்டு, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி.

"அராபா, என் மருமகனை நடுத்தெருவுல அவமானப்படுத்தினியாமே?" பெரியவர் கேட்டார்.

"காலி பாட்டிலைக் கொண்டு வந்ததை அவன் சொன்னானா ஐயா?"

"பாட்டில் பத்திக் கேக்கல. கத்தினியா இல்லையா?"

"கத்தினேன்."

"அவனோட சாமானை இடுப்புல செருகினியா?"

"செருகினேன். பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

பின்வரிசையில் யாரோ இருமுகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எகுவா எப்படியோ முன்பே வாங்கி வைத்திருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியும், எந்தத் தீர்ப்பு வரும் என்றும் தெரியும். பாட்டிலைப் பெரியவர் காலடியில் வைத்தேன்.

"கத்தினதுக்கு மன்னிப்பு. சொன்னதுக்கு இல்ல."

பயந்தேன், அதை இங்கே எழுதலாம், அங்கே காட்டவில்லை. இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னால் எகுவா நாளைக்கே தெருவில்.

பெரியவர் பாட்டிலை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: வேலையை ஈபோதான் முடிக்க வேண்டும். நைட்ரஜன் வேண்டும் என்று அராபா கேட்டால் நிறைந்த பாட்டிலே கொண்டு வர வேண்டும். அராபா உட்காரலாம். ஆனால் வேலை முடியும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது. வந்தால் அவன் போட்டது போட்டபடி போகலாம், அவர் எதிலும் தலையிட மாட்டார்.

"ஒரு சொல்லா!" என்றாள் எகுவா வழியில். "உன்னால முடியுமா மா?"

தெரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

உட்கார்ந்தேன். நிறைந்த பாட்டில்; முள் மேலே நின்றது. சாமானைக் கொடுத்தேன், குனிந்து வாங்கினான். முகத்தில் சிரிப்பு. நான் பேச முடியாது என்பது அவனுக்குக் கல்யாண விருந்து.

குழாயை வெட்டினான், தூள் உள்ளே விழாதபடி வாயைக் கீழே பார்க்க வைத்துப் பிசிறைச் சுரண்டினான். சரி. யூனிட்டின் வால்வைச் சுற்றி ஈரத் துணி சுற்றினான், சூடு அதற்குப் போகாமல் இருக்க. அதுவும் சரி. போன தடவை இதைக்கூடச் செய்யவில்லை.

அப்புறம் வேண்டுமென்றே பாட்டிலைத் திருகித் திறந்தான். மறுமுனை விசில் அடித்தது. "கேக்குதா ஆன்ட்டி? மூச்சு போதுமா?"

போதுமாவா! இவ்வளவு வேகத்தில் விட்டால் ஒட்டில் ஓட்டை விழுமே! நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. எகுவா கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் என்ன செய்ய? உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்து முகத்துக்கு முன்னால் வைத்தேன். சூடான கஞ்சிக்கு ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதினேன். மறுபடியும் ஊதினேன். அவனையே பார்த்துக்கொண்டு ஊதினேன்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. என்ன நினைத்தானோ. திருகைக் குறைத்தான். விசில் நின்றது. ஈர மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன்: சில்லென்று, லேசாக. தலையசைத்தேன்.

ஒரு துண்டுக் குழாயில் முதலில் ஒட்டு வைத்து, ஆறவிட்டு, அவனே நடுவில் வெட்டி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே புதுச் செம்பு. பளபளவென்று. அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் தன் ஒட்டை வெட்டிப் பார்த்ததே இல்லை போல.

பாட்டுப் பாடாமல் மீதி ஒட்டுகளைப் போட்டான்.

நான் பேசவில்லை. ஒரு சொல்லும்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று மாலையே குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி விட்டிருந்தான். காலையில் போய்ப் பார்த்தேன், முள் அசையவில்லை. ஒட்டு ஒட்டாகச் சோப்பு நுரை தடவினான், ஒரு குமிழி இல்லை. அப்புறம் பம்பு போட்டு உள்ளே இருந்ததை எல்லாம் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறந்தான்.

எகுவா மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் கண்ணை மூடி ஏசிக்கு அடியில் நிற்கிறாள்.

"குளிருது மா" என்றாள். அவ்வளவுதான். ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் ஆசையாகப் பேசின முதல் பேச்சு.

ஈபோவை நான் மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆய்வாளரம்மா தன் வெப்பமானியை மருந்து அறையில் தொங்கவிட்டு, எகுவா கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் செல்போனைப் பார்த்தாள். எழுந்து வெப்பமானியைப் பார்த்தாள். அலமாரிகளைப் பார்த்தாள். சீலைத் தன் கையாலேயே கிழித்தாள்.

அன்று சிரித்தவர்களில் ரெண்டு பேர் சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்க வந்தார்கள். கொடுக்காதே என்றேன். எகுவா கொடுத்துவிட்டாள். அவள் வேற மாதிரி.

மே 3, சனி

பெரியவர் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரியவருக்குப் படுக்கையறையில் ஏசி வேண்டுமாம். திங்கட்கிழமை ஈபோதான் போடுகிறானாம். "அராபா ஆன்ட்டி வந்து உட்கார முடியுமா"ன்னு கேட்டு வரச் சொன்னாராம். யார் கேட்கச் சொன்னது, பெரியவரா என்றேன். இல்லை, ஈபோ என்றாள்.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறான் என்று மட்டும் கேட்டேன்.

ஏழு மணிக்காம். ஆறரைக்கே போய்விட வேண்டும். தூசி போகாமல் குழாய் வாயை மூடி வைத்திருக்கிறானா, திறந்து போட்டிருக்கிறானா என்று முதலில் பார்க்கணும்.