கோட்டில் ஒரு பச்சை ஒட்டு

கம்பாலா

அன்பு மனைவி மசிகாவுக்கு, பலுக்கு எழுதுவது. நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

சனிக்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. கசோசி என்பவனுக்குக் கல்யாணக் கோட்டு தைத்தேன். அவன் வீட்டுப் பழந்துணிகளை வெட்டி ஒட்டுப்போட்ட கோட்டு. பார்க்கிறவர்கள் கண் கோட்டிலேயே நிற்கட்டும் என்று வெறும் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன், டை வேண்டாம் என்றேன். அவனோடு தேவாலயத்துக்குப் போகும் வழியில் சிப்பாய் ஒருவன் வண்டியை மறித்தான்.

"நெஞ்சுல என்னடா பச்சை? பட்டாளத்துத் துணிய நீ போடலாமா? ரெண்டு பேரும் இறங்குங்க!"

"எங்கப்பா சட்டை சார். சண்டையில செத்துட்டாரு. இன்னைக்கு என்கூட வரட்டும்னுதான்..." என்றான் கசோசி.

"யார் சட்டையா இருந்தா என்ன? கழட்டு!"

வெளிநாட்டுக்காரனான என்னைத்தான் முதலில் உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. அந்த ஒட்டை உள்பக்கமா வச்சுத் தச்சுடறேன். வெளியே தெரியாது."

சிப்பாய் கசோசியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சீக்கிரம் தை" என்றான்.

எப்போதும் கையோடு இருக்கும் ஊசி நூலை எடுத்து, வண்டியின் மேலேயே கோட்டை விரித்துப் பிரித்தேன். பச்சைத் துணி உள்ளே, நெஞ்சோடு போனது. வெளியே விழுந்த ஓட்டையை மூட வேறு துணி இல்லாமல் என் சட்டைப் பையை அறுத்து ஒட்டினேன். நீ தைத்துக் கொடுத்த நீலச் சட்டைதான், கோபிக்காதே. சிப்பாயே கசோசியின் கோட்டுப் பொத்தானை மாட்டிவிட்டு, "போ மாப்ளே, பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்" என்றான்.

அந்த நீலத் துணியில் மீதி இருந்தால் ஒரு துண்டு அனுப்பு. கடையில் எவ்வளவோ துணி கிடக்கிறது, ஆனாலும் எனக்கு அதுதான் வேண்டும். முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் பலுக்கு