ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டுகள்

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி எழுதுவேன். இனி அம்மா பேசுகிறாள்.

மகனே, இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். குளிர்கிற ஊர், காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நம் ஸ்டுடியோவில் படம் பிரிண்ட் போடும் மேசைக்கு இனி உன் மாமா. அப்பா முன்னால் உட்கார்ந்து ரசீது எழுதட்டும். அவர் சங்கதி உனக்குத் தெரியாததா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அரை நாள், போட்டிருக்கும் கோட்டின் கறுப்பு வேறு, பின்னால் திரையின் கறுப்பு வேறு என்று ஈரத்தாளோடு மல்லுக்கட்டுவார். வந்தவர்கள் காத்துக் காத்து எதிர்க்கடைக்குப் போனார்கள். எழுந்திருங்கள் என்றால் கேட்பாரா, என் கண் எவனுக்கு உண்டு என்பார். அதனால் அந்தக் கண்ணிலேயே கை வைத்தேன். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் ஒட்டி, எது வெளிர் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கறுப்பு அட்டையில் இருப்பதுதான், இதுகூடவா தெரியாது என்று சிரித்தார். இரண்டையும் உரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அத்தானுக்கு ஒரே நிலா இரண்டாகத் தெரிகிற வயது வந்துவிட்டது என்றான் உன் மாமா. மனுஷர் ஏப்ரனைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தார்.

அண்ணா, இந்த இடம் மட்டும் நான். மிச்சத் தாளை வெட்டி அதேபோல் ஒட்டிப் பார்த்தேன். ஒரே தாள் என்று தெரிந்திருந்தும் எனக்கும் கறுப்பின் மேல் இருந்ததுதான் வெளிறித் தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். அவள் சொன்னது இது: "எனக்கும் அப்படித்தான்டி தெரியுது. யார் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். அதையும் எழுது, அண்ணன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. உங்கப்பா காதுல மட்டும் விழக்கூடாது."

மறந்துவிடாதே மகனே, அப்பாவுக்கு எழுதும்போது கண் எப்படி இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று அக்கறையாக ஒரு வரி கேள். நீ கேட்டால் நம்பிவிடுவார். நோய்நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாய் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கிறார், விலக்கி வைக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறார். கடை பூட்டும் நேரமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகளை அணைத்தேன்.